முப்பது விழுக்காடு உப்பு

ஒருரோ நகரக் குளிரில் காலை ஆறரைக்கு
கால்நடைக் கல்லூரியின் கதவைத் திறக்கிறவள் நான்.
ஃபெலிசா வாராச்சி.
உடற்கூற்று அறையில் உதவியாள்.
வேலைக்கு வந்து பத்தொன்பது வருடம்,
மூக்கு போய் ஏழு வருடம்.

காப்பி மணக்காது, அடுப்பில் சட்டி கருகினாலும் தெரியாது.
ஃபார்மலின் தொட்டியின் மூடியை ஒரு கையால் தூக்கி
மறு புறங்கையால் கண்ணைத் துடைக்கிற வித்தை மட்டும்
என்னளவு யாருக்கும் வராது.

முதலாண்டுப் பிள்ளைகள் அழுவார்கள்.
செத்த லாமாவுக்காகவா, மருந்து நெடிக்காகவா,
நான் கேட்பதில்லை.
விறைத்த கழுத்து. பலகை நிறத்தில் தசை.
மடக்கப் போனால் முறிகிற மூட்டு.
இதுதான் விலங்கு என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

அந்த வருடம் ரூத் யுஹ்ரா
சன்னலுக்கு வெளியே நின்று படித்தாள்.
வயிற்றில் ஐந்து மாதம்.
உள்ளே போகாதே என்று மருத்துவச் சீட்டு.
கண்ணாடியில் அவள் மூச்சு படியும்,
துடைப்பாள், வரைவாள், மறுபடி படியும்.
அத்தனை தூரத்திலிருந்து
நரம்பு எது நாளம் எது என்று கடவுளுக்கே தெரியாது.
நான் உள்ளேயிருந்து ஒரு காலைத் தூக்கித் திருப்பிக் காட்டுவேன்,
பேரம் படியாத சந்தைக்காரி மாதிரி.

பேராசிரியர் கிஸ்பெர்ட் ஒரு தாளோடு வந்தார்.
பிரேசிலில் செய்கிறார்களாம்:
கழுத்துத் தமனி வழியே சாராயம், கொஞ்சம் கிளிசரின்,
அப்புறம் உப்புத் தண்ணீரில் ஊறவிடு.
நூறு லிட்டருக்கு முப்பது கிலோ.
"ஊறுகாயா போடுகிறோம்?" என்றார் துறைத்தலைவர்.
"ஆமாம்" என்றேன்.
கேட்டது என்னை அல்ல.

உயுனியிலிருந்து லாரியில் வந்தது உப்பு.
அதே லாரிதான் வழியில், சல்லாபட்டா தாண்டி,
ஒரு லாமாவை இடித்தது.
உப்பு மூட்டைகளின் மேலேயே கிடத்திக் கொண்டுவந்தான் ஓட்டுநர்.
இறக்கி முடிக்கும்வரை
தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

தொட்டியில் உருளைக்கிழங்கைப் போட்டுப் பார்த்தேன்.
முங்கியது. இன்னொரு மூட்டை.
நடுவில் நின்றது, முடிவெடுக்காமல்.
இன்னும் அரை மூட்டை.
மேலே வந்து முதுகைக் காட்டியது.

திருவிழா வாரம் அது.
இரண்டு கேன் சாராயத்தில் ஒன்றைக் காவலாளி செவேரோ குடித்துவிட்டு
தண்ணீர் நிரப்பி வைத்திருந்தான்.
லாமாவின் முன்பாதிக்குச் சாராயம் போயிற்று,
பின்பாதிக்குக் குழாய்த் தண்ணீர்.
பத்தாம் நாள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட
நான் ஒருத்திதான் பக்கத்தில் நின்றேன்,
பொத்த எனக்கென்ன இருக்கிறது?
"பூமித்தாய்க்குத் தெளித்தேன்" என்றான் செவேரோ.
"இருபது லிட்டரா?"
பின்பாதியை அவனே குழிதோண்டிப் புதைத்தான்.

ரூத் உள்ளே வந்தது எட்டாம் மாதத்தில்.
கையுறை போட்டுக்கொண்டு
முன்னங்காலைப் பிடித்தாள், மெல்ல மடக்கினாள்.
மடங்கியது.
நீட்டினாள், நீண்டது.
தோலுக்கடியில் தசைநார் வழுக்கிப் போவதை
ஒரு விரலால் பின்தொடர்ந்தாள்.
எட்டுத் தடவை, ஒன்பது தடவை.
வரைய மறந்துவிட்டாள்.
வரிசையில் நின்ற பையன்கள் அவசரப்படுத்தவில்லை.

அறையில் யாரும் அழவில்லை.
ஒருத்தன் மட்டும் அழுதான். கடைசி மேசை.
இந்தத் தடவை எதற்கென்று எனக்குச் சந்தேகமில்லை.

உப்பிட்டவளை யாரும் நினைக்க வேண்டாம்.
பழைய தொட்டி மூலையில் மூடிக் கிடக்கிறது,
எங்கே கொட்டுவது என்று மேலிடம் இன்னும் எழுதவில்லை.
என் மூக்கும் திரும்பவில்லை.
விரல் வெடிப்புகளில் புதிதாய் ஓர் எரிச்சல் சேர்ந்திருக்கிறது.
ஆனால் நேற்றுப் புது மூட்டையைப் பிரித்தபோது
ஒரு பொடி பறந்து உதட்டில் ஒட்டியது,
யோசிக்காமல் நக்கினேன்.

கரித்தது.